எஸ்ஏடி தேர்வுக்கு ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களை மனனம் செய்ய வேண்டுமா?

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் உங்கள் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க இருப்பதாகவும், அவற்றில் சேர்வதற்கான எஸ்ஏடி (SAT) தேர்வுக்கு எந்தச் சொற்பட்டியலை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எதையும் வாங்க வேண்டாம் என்பேன். நானும் அதே வழியில் வந்தவன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான தொடக்கக் கல்லூரியில் பொதுத்தாள் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதாதவனுக்கு ஆங்கில வாசிப்பு எங்கே வரப்போகிறது என்ற பேச்சை உறவினர் வீட்டு விருந்துகளில் கேட்டுச் சலித்தவன் என்பதால், உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

கட்டாயப் பணியான தேசிய சேவையின்போது, வார இறுதிகளில் இத்தேர்வுக்குப் படித்தேன். நான் சேர்ந்த துணைப்பாட நிலையம் கணிசமான கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு தடித்த கையேடு ஒன்றைத் தந்தது. அதில் ஒரு சொல்லிணையின் உறவை ஒத்த மற்றோர் இணையைக் கண்டுபிடிக்கும் ஒப்புமை வினாக்கள் பக்கம் பக்கமாக இருந்தன. அவை 2005இலேயே தேர்விலிருந்து நீக்கப்பட்டவை. தனி வாக்கியத்தில் அரிய சொல்லை நிரப்பும் வினாக்களும் இருந்தன. அவ்வடிவம் 2016இல் கைவிடப்பட்டது. இதைச் சுட்டிக்காட்டியபோது, “சொல்வளம் பெருகினால் நல்லதுதானே, தம்பி?” என்றார் ஆசிரியர். நல்லதுதான், ஆனால் நான் பணம் கட்டியது அதற்காக அன்று.

2023 மார்ச் முதல் அமெரிக்காவுக்கு வெளியே இத்தேர்வு கணினியில் நடைபெறுகிறது. வாசிப்பு, எழுத்துப் பகுதியில் 64 நிமிடங்களில் 54 வினாக்கள்; அவை இரண்டு சம பாதிகளாக வரும். ஒவ்வொரு வினாவுக்கும் 25 முதல் 150 சொற்கள் வரை உள்ள தனிப் பத்தி உண்டு. சொற்பொருள் வினாக்கள் ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

தமிழ் வகுப்பில் செய்த முன்னுணர்வுக் கருத்தறிதலை, அதாவது பத்தியில் விடுபட்ட சொற்களை ஊகித்து நிரப்பும் பயிற்சியை, உங்கள் மகள் மறந்திருக்க மாட்டாள். சொற்பொருள் வினாக்களிலும் ஏறக்குறைய அதே வேலைதான். நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்துக்குத் தனக்குத் தோன்றும் எளிய சொல்லை, தமிழிலேயானாலும் சரி, முதலில் சொல்லிப் பார்க்கட்டும். பத்தியின் எந்தத் தொடர் அவளை அப்படிச் சொல்ல வைத்தது என்பதையும் சுட்டிக்காட்டட்டும். பறவைகளின் வலசைக்கு வெப்பநிலையே காரணம் என்ற பழைய கருத்தைப் புதிய தரவுகள் ஓரளவே ஆதரிக்கின்றன என்று பத்தி சொல்லும்போது, “முற்றிலும் நிறுவுகின்றன” என்ற பொருளுடைய சொல் திசையில் சரியாக இருந்தாலும் அளவில் மிகையானது. கடினமான வினாக்களில் பலரும் சறுக்குவது பெரும்பாலும் இத்தகைய மிகையில்தான்.

சொல்லே தெரியாதபோது ஊகித்து என்ன பயன் என்று இங்கே சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இத்தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் புளூபுக் செயலியில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுகளில் எதிர்ப்படும் புதிய சொற்களை, அவை வந்த முழு வாக்கியத்தோடு குறித்துவைத்தாலே போதும். என் மதிப்பெண்ணை எழுதினால் பெருமையடிக்கிறான் என்பீர்கள், எழுதாவிட்டால் குறைவு போலும் என்பீர்கள். விரும்பிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாசிப்பு வினாக்களில் மிகுந்த பயிற்சி வேண்டுவது ஒரு கூற்றுக்கு ஆதாரமான விடையைத் தேர்ந்தெடுக்கும் சான்று வினாக்களுக்குத்தான். அவற்றுள் சிலவற்றில் பத்தியோடு தரவுகளைக் காட்டும் வரைபடமும் வரும்; அதன்படி நான்கு விடைகளுமே உண்மையாக இருக்கக்கூடும். ஆயினும் பத்தியில் முன்வைக்கப்பட்ட கூற்றுக்கு வலுச்சேர்ப்பது ஒன்றே. ஆகவே, வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே அக்கூற்றைத் தன் சொந்த வாக்கியத்தில் சொல்லிப் பழகுவது அவசியம். பழைய கவிதைப் பகுதி வந்தால், யார் யாரிடம் எந்த மனநிலையில் பேசுகிறார் என்பது பிடிபட்டாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு வினாவுக்குச் சராசரியாக 71 விநாடிகள் கிடைக்கின்றன. சொற்பொருள் வினாக்களை அதைவிட விரைவாக முடித்தால் மிச்சம் சான்று வினாக்களுக்கு உதவும். முதல் பாதியை எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பாதியின் கடினம் அமைகிறது, முடித்த பாதிக்குத் திரும்பவும் இயலாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால், எந்த வினாவையும் அவள் வெறுமையாக விட வேண்டாம்.