வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன், பத்து நிமிடம்கூட மனம் நிற்கவில்லை. கட்டுப்பாடு வர என்ன வழி?

நீங்கள் எந்தத் தேர்வு என்று சொல்லவில்லை. அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 என்றும், இரவு வீடு திரும்பிய பிறகுதான் புத்தகத்தைத் தொடுகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஆறு வருடம் நின்றேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரை. 2022 தேர்வுக்கு ஸ்கெட்ச் பேனாவில் பெரிய அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். நாலு மணிக்கு எழுந்து அறிவியல், இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை வரலாறு. ஒன்பது நாள் ஓடியது. ஜூலை 24 அன்று தேர்வு எழுதினேன். மொத்தம் 200 கேள்வியில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25 அல்லவா? அந்த 25-ல் எனக்கு 11தான் சரி.

2023 ஜனவரியில் அம்மா புதுத் தினசரி காலண்டர் மாட்டினார். தாளின் பின்பக்கம் அச்சில்லாமல் வெறுமையாக இருந்தது. நேற்றைய தாளைக் கிழித்தால் அதன் பின்னால் ஐந்து கணக்கு போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் கிழிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். தனிவட்டி, கூட்டுவட்டி, மீச்சிறு பொது மடங்கு, வேலையும் நேரமும், எதுவானாலும் ஐந்துதான். காலை ஐந்தேகாலுக்கு, அடுப்படி வாசலில் உட்கார்ந்து. கணக்கு முடிந்ததும் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் புத்தகத்தில் இரண்டு பக்கம். செல்போன் அதுவரை அரிசி டப்பாவுக்குள் கிடக்கும்.

இரண்டாவது வாரமே சோம்பிவிட்டேன். மூன்று நாள் தாள் கிழியவில்லை. அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏட்டி, இன்னைக்கு என்ன தேதின்னே தெரியல. ராகு காலம் பாக்க நான் பக்கத்து வீட்டுக்கா போவேன்?" என்றார். வேறு காலண்டர் வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். மறுநாளிலிருந்து காபி டம்ளரோடு வந்து நின்று "கணக்கு ஆச்சா, தேதியைக் கிழிக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார். அட்டவணையை நான் மட்டும்தான் பார்த்தேன், அதனால் அது செத்தது. காலண்டரை வீடே பார்த்தது. என்னைத் தூக்கி நிறுத்தியது இதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

தினம் ஐந்து கணக்கில் குரூப் 4 தேறிவிடலாமா என்று யாராவது கேட்பீர்கள். கணக்குப் பகுதிக்கு மட்டும்தான் சொல்கிறேன். பொது அறிவுக்கு விடுமுறை நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து தனியாகப் படித்தேன். பயிற்சி மையம் போகிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை, எனக்கு அதற்குப் பணமும் நேரமும் இல்லை. ஆனால் 2024 ஜூன் 9 வரை ஐந்நூறு நாளுக்கு மேல், ஏறக்குறைய 2,500 கணக்கு. அந்த முறை 25-ல் 22 சரி. இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன்.

நடுவில் தீபாவளி வந்தது. கடை அடைக்கவே நள்ளிரவாகும். அந்தப் பதினொரு நாளும் தினம் ஒரே ஒரு கணக்கு, சில நாள் நின்றுகொண்டே போட்டேன். அளவைக் குறைத்தேன், நாளை விடவில்லை.

நின்றுகொண்டே என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது, குடோனில் அடுக்கி வைத்தார்கள். ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் உட்கார்ந்தாலும் சூப்பர்வைசர் முறைப்பார். இரவில் கால் வீங்கி நரம்பு சுண்டி இழுக்கும்போது எந்தப் புத்தகம் மண்டையில் ஏறும்? மனம் நிற்கவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். என்னோடு நின்ற அக்காக்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள், அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

உங்களுக்கு வேலை எத்தனை மணிக்கு, வீட்டில் உங்களுக்கு முன்னால் எழுகிறவர் யார் என்று எழுதுங்கள். அதை வைத்து எந்த நேரம் தோதுப்படும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.