தொலைக்காட்சிப் பிரபலமாக நடிக்க முகச்சாயல் அவசியமா?

சாயல் உதவும், ஆனால் பேச்சின் வேகமும் உடல்மொழியும்தான் முக்கியம் என்பேன். 'எ பியூட்டிஃபுல் டே இன் த நெய்பர்ஹுட்' (2019) படத்தில் அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஃபிரெட் ராஜர்ஸாக டாம் ஹாங்க்ஸ் நடித்தார். இருவருக்கும் முகச்சாயல் பெரிதாக இல்லை. ஆனால் கோட்டைக் கழற்றிவிட்டுச் சிவப்பு ஸ்வெட்டரின் ஜிப்பை இழுத்து, உட்கார்ந்து காலணி மாற்றுகிறாரே, அந்த நிதானத்திலேயே ராஜர்ஸ் வந்துவிடுகிறார்!

இன்னொரு சிக்கலும் உண்டு. மக்கள் அறிந்தது திரையில் தெரிந்த முகத்தை மட்டுமே. 'பீயிங் த ரிக்கார்டோஸ்' (2021) படத்தில் நிக்கோல் கிட்மேன், திரையில் 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் குறும்புக்கார லூசியாகவும், திரைக்குப் பின்னால் அந்த வேடத்தில் நடித்த கறாரான நடிகை லூசில் பால் ஆகவும் குரலையே மாற்றிப் பேசினார். எனக்கு இதுவே கடினமான வேலையாகத் தோன்றுகிறது. ஹாங்க்ஸ், கிட்மேன் இருவரின் நடிப்புகளுமே ஆஸ்கர் பரிந்துரை பெற்றன.