வாடகை அறையில் வீட்டுச் சாமான்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு கட்டப் போகிறோம். வேலை முடிய ஒன்றே கால் வருடம் ஆகும் என்று மேஸ்திரி சொல்கிறார். அதுவரை சிறிய வாடகை வீட்டில் இருக்கப் போகிறோம். தேக்குக் கட்டில்கள், ஈட்டி மர அலமாரி, மாமியார் காலத்துப் பித்தளை உருளிகள், ஃபிரிட்ஜ், மெத்தைகள், பட்டுப் புடவைகள் எல்லாவற்றையும் மாத வாடகைக்கு விடும் சேமிப்பு அறையில் வைக்கலாமா? பாலக்காட்டில் வைப்பது நல்லதா, கோயம்புத்தூரில் வைப்பது நல்லதா?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: வைக்கலாம். சாமான்களைத் திரும்ப எடுக்கும் காலமும், அவை போய்ச் சேர வேண்டிய இடமும் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருப்பதால் இந்தச் செலவுக்கு ஒரு பொருள் இருக்கிறது. என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியாமல் சாமான்களை அறையில் போட்டுப் பூட்டுகிறவர்கள்தாம் பணத்தை இழக்கிறார்கள். ஆனாலும் எல்லாவற்றையும் கொண்டுபோகும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, மாதம் 4,000 ரூபாய் வாடகை என்றால் 15 மாதத்துக்கு 60,000 ரூபாய் ஆகும். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 70,800 ரூபாய். ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை தனி. இந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகப் பார்த்தால், தேக்குக் கட்டிலும் ஈட்டி அலமாரியும் உருளிகளும் நிச்சயம் காப்பாற்றத்தக்கவை என்பது விளங்கும். அமுங்கிப்போன பழைய மெத்தைக்கும், அடிக்கடி பழுதாகும் ஃபிரிட்ஜுக்கும் வாடகை கொடுப்பது வீண் என்பதும் விளங்கும். அவற்றை இப்போதே விற்றோ கொடுத்தோ விட்டால் இன்னும் சிறிய அறையே போதும்.

இடத்தைப் பொறுத்தவரை என் கருத்து கோயம்புத்தூருக்கே சாய்கிறது. இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை நின்று பெய்கிறது. மலைக்குக் கிழக்கே அதே மாதங்களில் காற்றும் சாரலும்தான் அதிகம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் மரத்திலும் தோலிலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். உங்கள் சாமான்கள் குறைந்தது ஒரு மழைக்காலத்தைப் பூட்டிய அறைக்குள்ளேயே கழிக்கப்போகின்றன என்பதால் இது சிறிய விஷயமன்று. அதே சமயம், மாதம் ஒருமுறையாவது போய்த் திறந்து பார்க்க உங்களால் முடியாதென்றால், தொலைவில் உள்ள நல்ல அறையைவிடப் பாலக்காட்டில் முதல் மாடியில் கிடைக்கும் அறையே மேல். தரைத்தள அறையை, அதிலும் ஆற்றோரத்திலோ பள்ளத்திலோ இருப்பதை, எடுக்கவே வேண்டாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

மாநில எல்லையான வாளையாரைத் தாண்டிச் சாமான் கொண்டுபோவது பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) தேவையில்லை என்று ஜிஎஸ்டி விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. இருந்தாலும் சாமான்களின் பட்டியல் ஒன்றில் கையொப்பமிட்டு, அடையாள அட்டையின் நகலோடு ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

அறையைப் பார்க்கப் போகும்போது, வெயில் நாளில் போகாமல் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். ஷட்டரைத் தூக்கியவுடன் வரும் வாடையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஷட்டருக்கும் தரைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் தண்ணீரும் எலியும் நுழையும். சுவரின் அடிப்பகுதியில், கணுக்கால் உயரத்தில், மங்கலான பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள்; புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் தண்ணீர் நின்ற கோடு பெரும்பாலும் மறைவதில்லை. மூலைகளில் கரையான் மண் ஏறிய தடத்தையும் தேடுங்கள். கூரை தகரமாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம், ஏனெனில் பங்குனி, சித்திரை வெயிலில் உள்ளே ஏறும் சூடு ஃபோம் மெத்தையையும் புகைப்பட ஆல்பத்தையும் கெடுத்துவிடும்.

அடுக்கும் முறையில்தான் பெரும்பாலான சேதத்தைத் தவிர்க்க முடியும். எந்தப் பொருளும் தரையைத் தொடக்கூடாது. மரச்சட்டப் பலகைகளைப் பரப்பி அதன்மேல் வையுங்கள். அலமாரியின் முதுகு சுவரோடு ஒட்டினால் அங்கேதான் முதலில் பூஞ்சை வரும். எனவே அரை அடியாவது இடம் விடுங்கள். கட்டில்களைக் கழற்றி, ஆணிகளையும் போல்ட்டுகளையும் சிறு பையில் போட்டு அந்தந்தச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். உருளிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் கட்டினால் பச்சைக் களிம்பு ஏறும். மெத்தைக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்தி உறை போதும். ஃபிரிட்ஜை இரண்டு நாள் திறந்துவைத்து உலர்த்தி, கதவு முழுதும் மூடாதபடி இடையில் துணி மடித்துச் செருகி, நின்ற நிலையிலேயே வையுங்கள்.

பட்டுப் புடவைகளை மட்டும் அந்த அறைக்கு அனுப்பாதீர்கள். வாடகை வீட்டிலேயே ஒரு பெட்டியில், பருத்தித் துணியில் சுற்றி வைத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாடவிட்டு மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் நேரடியாகப் படக்கூடாது. எரிவாயு சிலிண்டர், பெட்ரோல் உள்ள வண்டி, பெயிண்ட், அரிசி பருப்பு ஆகியவற்றையும் அங்கே வைக்கக்கூடாது. உபரி சிலிண்டரை விநியோகஸ்தரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினால் கட்டிய வைப்புத் தொகை திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: என் மகன் துபாயில் இருக்கிறான். அவன் சாமான்களைக் கோயம்புத்தூரில் அவன் பெயரிலேயே அறை எடுத்து வைக்கலாம் என்கிறான். நான் வயதானவன், இதில் ஏதாவது சிக்கல் வருமா?
(வாசகர், கோவிந்தாபுரம்)

பதில்: வரக்கூடும். பல இடங்களில் அறையைத் திறக்க ஓடிபி கேட்கிறார்கள், வாடகை நினைவூட்டலும் பதிவு செய்த எண்ணுக்கே போகிறது. அவருடைய இந்திய சிம் செயலிழந்துவிட்டால் உங்களுக்கும் திறக்க முடியாது, அவருக்கும் தகவல் தெரியாது. எனவே ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் எழுதுங்கள். அல்லது இருவர் பெயரையும் சேர்த்து, உங்கள் எண்ணையும் பதிவு செய்து, அறையைத் திறக்கவும் காலி செய்யவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். வாடகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி செய்துவிடுவது நல்லது.

கையெழுத்திடும் முன் ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வாடகை எத்தனை நாள் பாக்கியானால் பூட்டை உடைப்பார்கள், அதற்குமுன் எப்படி அறிவிப்பார்கள், சாமான்களை விற்கும் உரிமையை எடுத்துக்கொள்கிறார்களா என்பது அந்தப் பத்தியில்தான் இருக்கும். எழுத்து மூலமான அறிவிப்பும் போதிய அவகாசமும் இல்லாமல் விற்கலாம் என்று எழுதியிருந்தால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் வைத்திருந்த எங்கள் சோபாவும் வாஷிங் மெஷினும் நனைந்து கெட்டுவிட்டன. நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கிறது. வழக்குக்காக அங்கே அலைய வேண்டுமா?
(வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே, புகார் கொடுக்கலாம். சேதம் நிகழ்ந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் சேவைக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

சாவி யாரிடம் இருந்தது என்பது முக்கியம். நிறுவனமே பொருளை வாங்கித் தன் கிடங்கில் வைத்திருந்தால், தன் சொந்தப் பொருளை ஒரு விவேகமுள்ள மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் எடுக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வழக்கு இந்த வகையைச் சேர்ந்தது. பூட்டும் சாவியும் வாடிக்கையாளரிடமே இருந்த அறையாக இருந்தால், இடத்தை மட்டும்தான் வாடகைக்கு விட்டோம் என்று வாதிடுவார்கள். அப்போது கூரை ஒழுகியதையோ வடிகால் அடைத்ததையோ நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். எதுவானாலும் நனைந்த பொருளை நகர்த்துவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, ஒப்பந்தம், ரசீதுகள், சாமான் பட்டியல், வாங்கிய பில் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து, நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி அதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நகைகளையும் பத்திரங்களையும் சேமிப்பு அறையில் இரும்புப் பெட்டிக்குள் வைக்கலாமா?
(வாசகர், மீனாட்சிபுரம்)

பதில்: வேண்டாம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் இவற்றுக்குப் பொறுப்பில்லை என்றே சொல்கின்றன. வங்கி லாக்கரில் வையுங்கள். தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அந்தப் பொறுப்பு கிடையாது என்பதால், அங்கும் பத்திரங்களை நீர் புகாத உறையில் போட்டே வையுங்கள்.