செத்த மாட்டைத் தின்னும் பாறுக்கு நோய் வராதா? தலை ஏன் மொட்டை?

பாறு (பிணந்தின்னிக் கழுகு) செத்த விலங்கைத் தின்று வாழும் பெரிய பறவை. பழைய நெல்லைச் சீமையின் கழுகுமலை பெயரில் கழுகு உண்டு. ஆனால் கழுகு வேட்டையாடும், பாறு பொறுக்கித் தின்னும். அமெரிக்கக் கண்டங்களின் காண்டோர் என்ற பறவையும் இதே வேலைதான் செய்கிறது.

மீன் அரிய உட்காருபவர் முழுக்கைச் சட்டையை மடித்துக்கொள்வார் இல்லையா? மொட்டைத் தலையும் அப்படித்தான். செத்த விலங்கின் வயிற்றுக்குள் தலையை நுழைத்தாலும் ரத்தம் இறகில் அப்பாது. வெயிலில் சூடும் தணியும். மஞ்சள்முகப் பாறுக்கு முகம் மட்டுமே வெறுமை. நோய் வராததற்குக் காரணம் வேறு: பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது, பெரும்பாலான கிருமிகள் அதில் பிழைக்காது.

ஆனால் மருந்தை அந்த அமிலத்தால் முறிக்க முடியாது. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் கெடும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு பூசினாற்போல் படியும், சில நாளில் சாவு. 2006இல் இந்தியாவில் கால்நடைக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது; மனிதருக்கான பெரிய ஊசிமருந்துக் குப்பிகளை மாட்டுக்குப் போட்டதால் 2015இல் குப்பி 3 மி.லி. ஆகச் சுருக்கப்பட்டது. மாட்டு டாக்டரிடம் அதற்குப் பதிலாக மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக் கேளுங்கள். அது பாறுக்குப் பாதுகாப்பானது.

கோழிக்குஞ்சைத் தூக்குவது பாறு என்பது தவறு. அதன் கால் நடக்கத்தான், கவ்வித் தூக்க அல்ல. குஞ்சைக் கொண்டுபோவது பருந்தும் வல்லூறும்.