டாமியின் கண்களை மூடிய இயந்திரம்

அன்புள்ள ஐயா,

ராக் பாடல்களாலேயே கதை சொல்லும் ராக் ஓபரா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'டாமி' திரைப்படத்தைத் தேடிப் பார்த்தேன். தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து சோப்பு நுரையும் பீன்ஸும் சாக்லேட்டும் கொட்டுகின்றன. டாமியின் அம்மா அதில் புரளுகிறாள். தி ஹூ என்ற ராக் இசைக்குழுவின் மூல இசைத்தட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் நியூயார்க்கின் பிராட்வேயில் நாடகம், போதாக்குறைக்குப் பின்பால் இயந்திரங்கள், அதாவது காசு போட்டுப் பந்தைத் தட்டி விளையாடும் சரிவு மேஜைகள். நல்லதொரு படைப்பைக் கசக்கிப் பிழிந்து காசாக்கிவிட்டார்கள். இவற்றில் எதையாவது தழுவல் என்று சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூலம் மட்டும் என்ன, மடியாக இருந்ததா? தட்டின் பாடல்களை எழுதிய, குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் மெஹர் பாபாவின் பக்தர். 1925 முதல் சாகும்வரை வாய் திறக்காமல் வாழ்ந்த அந்த இந்திய ஆன்மிக குருவின் பெயர் இசைத்தட்டின் உறையிலேயே இருக்கிறது. சிறுவயதில் ஒரு கொலையைப் பார்த்த அதிர்ச்சியில் கண்ணும் காதும் வாயும் அடைபட்ட டாமி என்ற பையனின் ஆன்மிகக் கதையைச் சொல்லத்தான் டவுன்ஷெண்ட் புறப்பட்டார். ஒலிப்பதிவு முடியாத நிலையில் அதை நிக் கோன் என்ற விமர்சகருக்குப் போட்டுக் காட்டினார். கோன் அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்பால் பைத்தியம் உண்டு. டாமியைப் பின்பால் மன்னனாக்கினால் எப்படி என்று கேட்டதும் மனிதர் மலர்ந்துவிட்டார். தட்டிலேயே மிகப் பிரபலமான 'பின்பால் விசர்ட்' பாடல் பிறந்த கதை இதுதான். விமர்சகரைக் குளிரவைக்க வந்த விளையாட்டு, 1969இல் தட்டு வெளியானபோது கதையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

பீன்ஸுக்கு வருகிறேன். 1967இல் இதே குழு வெளியிட்ட தட்டின் உறையில், பாடகர் ரோஜர் டால்ட்ரி பீன்ஸ் நிரம்பிய தொட்டியில் உட்கார்ந்திருப்பார். ஆகவே அதை வெளியிலிருந்து வந்த கிறுக்கு என்று தள்ளிவிட முடியாது. அதைவிட முக்கியம், இயக்குநர் கென் ரஸ்ஸல் 1975இல் செய்த மாற்றம். தட்டில், போரில் இறந்துவிட்டதாக நம்பப்பட்ட அப்பா திரும்பி வந்து அம்மாவின் காதலனைக் கொல்கிறார். படத்தில் காதலன் அப்பாவைக் கொல்கிறான். சிறுவன் பார்த்த கொலை ஒன்றுதான், ஆனால் இப்போது பாவச்சுமை மொத்தமும் அம்மாவின் தலையில். மகன் பின்பாலில் சம்பாதித்த பணத்தில் வாழும் அவள், வெள்ளை வெளேரென்ற அறையில் உட்கார்ந்து அதே மகனைத் தொலைக்காட்சியில் பார்க்கிறாள். தாங்க முடியாமல் பாட்டிலை வீசித் திரையை உடைக்கிறாள். விளம்பரத்தில் வந்த சரக்கெல்லாம் அவள் மேலேயே கொட்டுகிறது. அம்மாவாக நடித்த ஆன்-மார்கரெட் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். நீங்கள் அருவருத்த காட்சியைத்தான் படத்தின் உச்சம் என்பேன்.

1993இல் பிராட்வேக்கு வந்த நாடகத்தின் மேல் எனக்கு அவ்வளவு மோகம் இல்லை. டெஸ் மெக்கானஃப் இயக்கியது. நாடகத்துக்கான டோனி விருதுகளில் ஐந்தை அள்ளியது. முடிவில் டாமி தன் குடும்பத்தோடு சமரசமாகிறான். சிறுவயதில் உறவினர்களாலேயே அத்தனை சித்திரவதை பட்டவனை இப்படிக் கட்டித் தழுவ வைப்பது, நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு. டவுன்ஷெண்டே உடன் இருந்து செய்த மாற்றம் என்பதால் அது சரியாகிவிடாது.

பின்பால் இயந்திரங்களில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். பாலி நிறுவனத்தின் 1975ஆம் ஆண்டு 'விசர்ட்' இயந்திரத்தின் கண்ணாடியில் டால்ட்ரியும் ஆன்-மார்கரெட்டும் இருப்பார்கள். மற்றபடி அது சாதாரண ஆட்டம்தான். அடுத்த ஆண்டு, அதே படத்தில் நடித்த பாடகர் எல்டன் ஜானை வைத்து இன்னொன்று. இரண்டும் வியாபாரம்.

ஆனால் டேட்டா ஈஸ்ட் நிறுவனம் 1994இல் செய்த இயந்திரம் வேறு ரகம். மேஜையின் கீழ் முனையில், பந்து குழிக்குள் விழாமல் தட்டிவிடும் இரண்டு ஃபிளிப்பர்கள் இருக்குமல்லவா? ஆட்டத்தின் ஒரு கட்டத்தில், விசிறி விரிவதுபோல் தகடுகள் விரிந்து அவற்றை மறைத்துவிடும். பந்து உருண்டு வருவது தெரியும். கடைசி நொடியில் தகட்டுக்கு அடியில் போய்விடும். எப்போது பொத்தானை அழுத்துவது என்பதை வேகத்தை வைத்து விரல்தான் தீர்மானிக்க வேண்டும். படமும் நாடகமும் டாமியை நமக்குக் காட்டின. இந்த இயந்திரம் நம்மை டாமியாக்குகிறது. பாடலில் அவன் புலனில்லாமல் வென்றான் என்று கேட்டவர்கள், அது எப்படி இருக்கும் என்று இங்கே சில நொடிகள் பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இதைத் தழுவல் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. காசு போட்டால்தான் ஆட முடியும் என்பது உண்மைதான். ஓபராவுக்கும் டிக்கெட் வாங்க வேண்டும்.