புளோக் கீழே செத்துக் கிடந்த பறவையை அரும்பொருளகம் வாங்கிக்கொள்ளுமா? வாங்கி என்ன செய்யும்?

கேள்வியில் நீங்கள் சொன்ன அடையாளங்களை (பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் சிவப்பு, அக்டோபர் மாதம், கண்ணாடிச் சுவருக்குக் கீழே) வைத்துப் பார்த்தால் அது அநேகமாக நீலச்சிறகுப் பிட்டா. ஊரில் ஆறுமணிக்குருவி என்போமே, அதன் பங்காளி. வடக்கேயிருந்து இரவில் பறந்து வலசை வரும். விளக்கு வெளிச்சத்தில் தடுமாறியோ, கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பியோ மோதிச் சாகும்.

சிங்கப்பூரில் கென்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இதைக் கேட்கலாம். ஆனால் பையோடு டிக்கெட் கவுண்டரில் போய் நிற்காதீர்கள். முதலில் படம் எடுத்து, கிடைத்த இடத்தையும் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே இடத்தில் நாலைந்து பறவைகள் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம், தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள். உயிர் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து காட்டுயிர்களை மீட்கும் ஏக்கர்ஸ் அமைப்பை அழையுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள்.

பதில் வரும்வரை உடலைக் காப்பதுதான் உங்கள் வேலை. கையுறை போட்டு எடுத்து, பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, இன்னொரு பையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே வயிறு பச்சை கட்டிவிடும். அப்புறம் தோலை உரிக்கும்போது வயிற்றுச் சிறகு கொத்துக்கொத்தாகக் கையோடு வரும். கழுவாதீர்கள். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: தேதி, நேரம், புளோக் எண், தெரு, எந்தப் பக்கச் சுவர், கண்டெடுத்தவர் பெயர். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் மை ஈரத்தில் ஊறிவிடும். சீட்டு இல்லாத பறவை வெறும் பிணம், ஆய்வாளருக்கு உதவாது. ‘ஜூரோங் பக்கம் எங்கேயோ’ என்பதும் உதவாது.

பிறகு நடப்பது எந்த நாட்டு அரும்பொருளகத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். உறைந்த உடலை மெதுவாக இளகவிட்டு, எடை போட்டு, சிறகு, வால், கால், அலகு எல்லாம் அளப்பார்கள். நெஞ்சுத் தசையில் பட்டாணி அளவு கிள்ளி 95% எத்தனாலில் (எரிசாராயம்) போடுவார்கள், டிஎன்ஏவுக்கு. அடுத்து மார்பெலும்பிலிருந்து வாலடி வரை தோலை மட்டும் கீறுவார்கள். கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் குடல் கிழிந்து சிறகெல்லாம் நாறிப்போகும். கசிவை உறிஞ்சச் சோளமாவு தூவித் தூவி, முழங்காலையும் வால் மூட்டையும் வெட்டி, காலுறையைக் கழற்றுவதுபோல் தோலைத் தலைவரை உள்வெளியாகத் திருப்புவார்கள். மூளையும் கண்ணும் வெளியே வந்துவிட வேண்டும். வலசைப் பறவையில் சிக்கல் என்னவென்றால், தோலுக்கடியில் மஞ்சள் கொழுப்பு அப்பியிருக்கும். அதைச் சுரண்டாமல் விட்டால் சில வருடங்களில் எண்ணெய் கக்கித் தோலை அரித்துச் சீட்டையும் கறையாக்கும். ஆணா பெண்ணா என்பதை உள்ளே பார்த்துத்தான் எழுதுவார்கள்: விரை அவரைக்கொட்டைபோல் இரண்டு, சூலகம் என்றால் இடப்பக்கம் மட்டும் சின்னத் திராட்சைக்கொத்து. குச்சியில் பஞ்சு சுற்றித் திணித்து, தைத்து, காலைக் குறுக்காகக் கட்டி, அதிலேயே சீட்டு.

காய்ந்ததும் நேரே அலமாரிக்குப் போகாது. தோல் வண்டு, சுருட்டு வண்டு எதுவும் ஒட்டிக்கொண்டு வரக்கூடாதே! பிளாஸ்டிக்கில் சுற்றி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைப்பார்கள். வெளியே எடுத்ததும் ஆவலில் உறையைப் பிரித்தால் நம் ஊர் ஈரப்பதம் அத்தனையும் சிறகில் வியர்த்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்தபிறகுதான் பிரிக்க வேண்டும்.

பாம்பு, மீன், நண்டு என்றால் வேறு வழி: ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் இறுக வைத்து, கழுவி, 70% எத்தனாலுக்கு மாற்றுவார்கள். அதில் ஓயாத தொல்லை மூடி. மூடி லேசாகத் தளர்ந்தாலும் தண்ணீரைவிட எத்தனால்தான் முந்தி ஆவியாகும். மட்டம் குறைந்ததே என்று 70% ஊற்றிக்கொண்டே போனால் உள்ளே இருப்பது 50%க்கு இறங்கி, மாதிரி மெல்லக் கூழாகும். அளந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

‘செத்த குருவிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா’ என்று கீழே ஒருவர் எழுதப்போகிறார், தெரியும். பழைய முட்டை ஓடுகளைச் சேர்த்து வைத்திருந்ததால்தான், 1967-இல் ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப் பிரிட்டனில் பொரி வல்லூறின் ஓடு 1940களின் பிற்பகுதியிலிருந்து மெலிந்திருப்பதைக் காட்ட முடிந்தது. டிடிடி பூச்சிக்கொல்லி மீது பழி விழுந்தது அப்படித்தான். ஓட்டைச் சேர்த்தவர்களுக்கு டிடிடி பற்றி என்ன தெரியும்?

அரும்பொருளகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனாலும் உங்கள் பறவையைக் காட்ட முடியாது. கண்காட்சிக்கூடத்தில் இருப்பது 5 லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகளில் ஒரு கைப்பிடிதான். மற்றவை குளிரூட்டிய அறைகளில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் சொத்திலிருந்து வழிவழியாக வளர்ந்த சேகரிப்பு அது. வயோமிங்கிலிருந்து வந்த மூன்று டைனோசர்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், 2015-இல் ஜூரோங் தீவுக்கருகே மிதந்த 10.6 மீட்டர் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் காட்டுங்கள். அதன் வயிற்றில் கணவாய் அலகுகளோடு நெகிழியும் கிடந்தது.

அரும்பொருளகத்தின் தொண்டூழியர் குழுவின் பெயர் ‘டாடிகேட்ஸ்’. கள்ளுக்கலயத்தில் வாய் வைப்பதால் மரநாய்க்கு வந்த ஆங்கிலப் பெயர் அது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: ‘மரநாய்’ என்று நல்ல தமிழ் இருக்க, நம்மவர்கள் ‘சிவெட் பூனை’ என்று எழுதுகிறார்கள். கூடவே ‘அரிய வகை’ என்று வேறு. புக்கிட் தீமா பக்கம் கூரையில் ஓடுகிற பிராணி எப்படி அரிய வகை?

திங்கட்கிழமை மூடியிருக்கும், இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். உறைபெட்டிப் பையின் மேல் ‘கோழி இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.