கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு முதுகலை மாணவர்களுக்குப் பண்பாட்டு ஆய்வுகள் தாளை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரமாகக் கோட்பாட்டாளர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குறிப்பெடுக்கிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. சினிமா பேனரைப் பற்றிப் பேசலாம் என்றதும் "இதெல்லாமா சார் பாடம்?" என்று ஒரு மாணவி கேட்டார். எங்கிருந்து தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

அந்த மாணவி கேட்டது நல்ல கேள்வி. எது பாடம், எது பாடமில்லை என்று யார் முடிவு செய்தார்கள் என்பதைத்தான் இந்தத் துறையும் கேட்டது. இங்கிலாந்துப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹாகர்ட் 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கினார். அதற்கு முன்பு அவரும் இத்துறையின் இன்னொரு முன்னோடியான ரேமண்ட் வில்லியம்ஸும் பல ஆண்டுகள் முதியோர் கல்வி வகுப்புகளில் பாடம் நடத்தியவர்கள். பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையோடு வந்து உட்காரும் வகுப்புகள் அவை.

பெயர்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஆளுக்கொரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைத் தங்கள் தெருவில் படமெடுத்து வரச் சொல்லுங்கள். முதல் வகுப்பில் கருத்தே வேண்டாம், இருப்பதை மட்டும் சொல்லட்டும். "சிவலோகப் பதவி" என்று போட்டிருக்கிறதா, "கர்த்தருக்குள் நித்திரை" என்றா? யார் பெயர் முதலில் வருகிறது? மகன் பெயருக்குப் பக்கத்தில் வேலையோ வெளிநாடோ இருக்கிறதா? மகள் தன் பெயரோடு இருக்கிறாரா, மருமகன் பெயருக்குள் மறைந்துவிட்டாரா? மூலையில் ஒரு கட்சித் தலைவர் படம் இருந்தால் அவர் ஏன் அங்கே இருக்கிறார்? குடும்பம், மதம், பணம், அரசியல் எல்லாம் ஒரே தாளில் இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நான் பேசப் போன ஒரு வகுப்பில் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். அது ஒரு வீட்டின் துக்கம், சிரிப்புக்கு இடம் கொடுக்காதீர்கள். சாதி கட்டாயம் பேச்சில் வரும். உங்கள் வகுப்பில் பல சாதிப் பிள்ளைகள் இருப்பார்கள். யாரையும் சாட்சி சொல்ல நிறுத்திவிடக் கூடாது.

அப்புறம் அதே பர்மிங்காம் மையத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹாலிடம் போகலாம். தொலைக்காட்சியை வைத்து 1973இல் அவர் சொன்னது: அனுப்பியவர் நினைத்தபடியே ஒரு செய்தியை நாம் வாங்கிக்கொள்ளலாம், பாதி ஏற்றுப் பாதி மறுக்கலாம், முழுக்க எதிராகவும் படிக்கலாம். அதே சுவரொட்டியை உறவினர் எப்படிப் படிக்கிறார், பெயர் விடுபட்ட தம்பி எப்படிப் படிக்கிறார் என்று கேட்டால் போதும், கோட்பாடு பிடிபட்டுவிடும்.

சினிமா பேனரை விட்டுவிடாதீர்கள். எம்.ஜி.ஆரின் பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு முழு நூலே எழுதினார். காப்பி தமிழர் வாழ்வில் நுழைந்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதியிருக்கிறார். பருவத்தின் நடுவில் இவற்றிலிருந்து சில பக்கங்களை வகுப்பில் உரக்கப் படியுங்கள். அந்த மாணவியையே முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.